மரவள்ளிக்குப் பிறகு ஒரு தேநீர்

சட்டியை மூடாமல் அவிக்கவும் என்று சறோ எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், குளிர்பெட்டிக் கதவில், மஞ்சள் தாளில், மூடாமல் என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டு. இருபத்திரண்டு வருசம் என்னோடு குடும்பம் நடத்தியும் என்னை நம்பி ஒரு கிழங்கை விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனம் வராது. முதியோர் இல்லத்தில் வேலை, மாத்திரை எப்போது, குளிப்பு எப்போது என்று நாள் முழுக்கக் கிழவர்களுக்குக் கட்டளை போட்டுப் போட்டு அந்தத் தொனி வீட்டுக்கும் வந்துவிட்டது. அடுப்பு புதிது, பொங்கி வழிந்தால் கண்ணாடி கறுத்துவிடும், அந்தக் கவலைதான் அவளுக்கு, வேறென்ன. சரி தாயே, மூடவில்லை, திறந்தபடிதான் கொதிக்கிறது, ஜன்னல் முழுக்க ஆவி படிந்துவிட்டது, அதற்கு வெளியே பெர்கன் நகரத்தின் மழை, வருசத்தில் முக்கால்வாசி நாள் பெய்கிற மழை, இன்றைக்கு மட்டும் விடுமா. நான் பஸ் ஓட்டிப் போகாமல் வீட்டில் கிடப்பது இது மூன்றாவது கிழமை, நாரிப்பிடிப்பு, இடுப்பு வளையாது, டொக்டர் நட என்கிறார், இந்த மழையில் எங்கே நடக்கிறது, அதனால்தான் நேற்றுத் தமிழ்க்கடையில் உறைந்த மரவள்ளிப் பக்கெற்றைக் கண்டதும் நாக்கு சொல்வழி கேட்கவில்லை. தோல் நீக்கி, துண்டு போட்டு, பல்லுப்போல வெள்ளையாய்க் கிடந்தது. செத்தல் மிளகாயை வறுத்தபோது புகை மணி அலறியது, கதிரையில் ஏறித் துவாயால் விசிறினேன், நாரி பிடித்துக்கொண்டது, அந்த நிலையிலும் வாய் ஊறிக்கொண்டுதான் இருந்தது. மிளகாய், உப்பு, சின்ன வெங்காயம், தேங்காய்ப்பூ, கடைசியில் தேசிக்காய்ப் புளி. சம்பல் சிவப்பாய்த் திரண்டு வந்தபோது கிழங்கும் வெடித்து மலர்ந்திருந்தது. நேரம் பன்னிரண்டு.

கையால்தான் சாப்பிட்டேன், நின்றபடி, முதல் துண்டைச் சட்டியிலிருந்தே எடுத்து, விரல் சுட, ஊதி ஊதி. நடுவில் இருக்கிற நாரை உருவி எறிந்துவிட்டு ஒரு நுள்ளுச் சம்பலோடு வாயில் வைத்தால் முதலில் மாப்போலக் கரைவது, பிறகு உறைப்பு ஏறுவது, பிறகு கிழங்கின் அந்த மெல்லிய இனிப்பு வந்து உறைப்பை ஆற்றுவது, இதைவிட வேறு சாப்பாடு உலகத்தில் இருக்கிறதா. எனக்கு இல்லை. பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாங்கிய பெரிய மீனும் சரி, சறோவின் ஆட்டுக்கறியும் சரி, இதற்குக் கிட்ட வராது. மூக்கு ஓடியது, கண் கலங்கியது, கலங்கியது உறைப்பால்தான், உறைப்பால் மட்டும்தானா என்று கேட்க வேண்டாம், சாப்பிடும்போது கேட்பதில்லை என்று எனக்கும் எனக்கும் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. என் தங்கச்சி சுகிர்தா இதைத்தான் கடைசியாகச் சாப்பிட்டாள். ஒன்பது வயது. நான் அவித்துக் கொடுத்தது. வெட்கங்கெட்ட நாக்கு. ஊரை விட்டு வந்து பத்து வருசம் தொடாமல்தான் இருந்தேன், பிறகு ஒருநாள் யாரோ வீட்டு விசேஷத்தில் ஒரு துண்டு, அப்போதே தெரிந்துவிட்டது இனி விடமாட்டேன் என்று. கிழங்கு என்ன பிழை செய்தது, பிழை இஞ்சியின் பிழை, கிழங்குக்கு மேல் இஞ்சி பட்டால் நஞ்சு, எங்கள் பக்கத்தில் பால்குடிக்குக்கூடத் தெரிந்த விசயம், ஆகவே கிழங்கை மன்னித்து இஞ்சியைத் தள்ளி வைத்தேன். கிழங்கு அவிக்கிற நாளில் இந்த வீட்டில் இஞ்சி வெளியே தலை காட்டக்கூடாது. சறோ சிரிப்பாள், சிரிக்கட்டும். அவளுக்குத் தெரியாது. ஒருவருக்கும் தெரியாது. பதினொரு துண்டு சாப்பிட்டேன்.

பிறகு வெறும் தேநீர் ஊற்றிக்கொண்டு ஜன்னலோரம் குந்தினேன், வயிறு நிரம்பிய மனிதனுக்கு இருக்கிற மந்தம், மேசையில் கீழ்வீட்டு பிரித் வைத்துவிட்டுப் போன தகர டப்பா, மார்கழி பிறந்தால் கிழவி எல்லா வாசலிலும் ஒவ்வொன்று வைப்பாள், கை தானாகப் போயிற்று, மண்ணிறத்தில் இதய வடிவ பிஸ்கட், மெல்லியது, கடித்தால் நொறுங்குவது, ஒன்று, இரண்டு, மூன்றாவதைத் தேநீரில் தோய்த்து வாயில் போட்டு விழுங்கும்போதுதான் தொண்டையில் அந்தக் காரல். மிளகாயின் காரல் இல்லை. கறுவா, கராம்பு, அதற்குக் கீழே ஒளித்துக்கொண்டு அவன். இஞ்சி. இந்த நாட்டில் நத்தாருக்கு, கிறிஸ்மசுக்குச் சுடுகிற பிஸ்கட்டில் இஞ்சி போடுவார்கள் என்று இருபது வருசமாய்த் தெரியும், எனக்கா தெரியாது, ஒவ்வொரு மார்கழியும் பார்த்துப் பார்த்துத்தானே தின்கிறேன். இருபத்தொன்பது வருசக் காவல், ஒரு பிஸ்கட்டில் போயிற்று. எழும்பிக் குசினித் தொட்டியில் துப்பினேன், விரலை விட்டுப் பார்த்தேன், வரவில்லை, பதினொரு துண்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தன. மணிக்கூட்டைப் பார்த்தேன். பன்னிரண்டு முப்பத்தைந்து. சுகிர்தாவுக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று மனம் உடனே கணக்குப் பார்க்கத் தொடங்கியதுதான் எனக்கு வந்த முதல் பயம்.

மத்தியானம் சாப்பிட்டாள், பொழுதுபட முன்னம் போய்விட்டாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும், மணிக்கூடு யாரிடம் இருந்தது. தொண்ணூற்றைந்து ஐப்பசி, இராணுவம் வருகிறது என்று யாழ்ப்பாணமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்த நாட்கள், மழை, சேறு, சைக்கிள்கள், கால் வைக்க இடமில்லாத ரோட்டு. கோண்டாவிலில் இருந்து மீசாலை வரை சுகிர்தாவைச் சைக்கிள் பாரில் வைத்து உருட்டிக்கொண்டு வந்தேன், எனக்குப் பத்தொன்பது வயது. ஒரு வீட்டு வண்டில் கொட்டிலில் இடம் கிடைத்தது, ஏற்கெனவே நாலு குடும்பம் அதற்குள். அப்பா சனத்துக்குள் எங்கேயோ பிரிந்துவிட்டார். அம்மா அவரைத் தேடிப் போனா. தங்கச்சியைப் பாத்துக்கொள் தம்பி, வாறன், என்று சொல்லிவிட்டு அந்த மழைக்குள் போனா. பாத்துக்கொள். அதைவிட ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒன்றரை நாள் இருவரும் பாதிப் பாணோடு இருந்தோம். பின் காணியில் மரவள்ளி நின்றது, யாருடையதோ, மூன்று மரத்தை அசைத்துப் பிடுங்கினேன், கைமுழுக்கச் சேறு, நல்ல பெரிய கிழங்குகள், களவெடுத்தாலும் கெட்டித்தனமாய் எடுக்கிறேன் என்று ஒரு சந்தோசம்கூட. சட்டி ஒன்று இரவல் கிடைத்தது. கொட்டிலுக்குள் அடுப்பு மூட்ட விடமாட்டார்கள், வெளியே தாழ்வாரத்து ஓரம் மூன்று கல், ஈர விறகு, சாரல் சட்டிக்குள் விழுந்துகொண்டே இருந்தது, நான் விட்டேனா, ஒரு இனாமல் தட்டை எடுத்துச் சட்டியை மூடி, காற்றுக் கிளப்பாமல் மேலே அரைச் செங்கல் ஒன்றும் வைத்தேன். குசினிப்பக்கமே போகாதவனுக்கு அந்த மூளை எங்கிருந்து வந்தது. அண்ணா நீ கெட்டிக்காரன், என்றாள் சுகிர்தா, பக்கத்தில் குந்திக்கொண்டு, சாக்கைத் தலையில் போட்டபடி. உப்பு மட்டும்தான் இருந்தது. கொஞ்சம் கைச்சது, நாக்கில் ஒரு கசப்பு, அவள் முகத்தைச் சுளித்துவிட்டு, பசி, எல்லாவற்றையும் தின்றாள், எனக்கு வைத்த பங்கிலும் இரண்டு துண்டு கேட்டு வாங்கினாள். பிறகு அண்ணா வயிறு நோகுது, என்றாள். குளிர், நனைந்த உடுப்பு, நோகாமல் என்ன செய்யும். பக்கத்துக் குடும்பத்துப் பெண் ஒருத்தி கேத்தலில் தேத்தண்ணி வைத்திருந்தாள், கெஞ்சி அரைக் கிளாஸ் வாங்கினேன், வாங்கும்போதே மணத்தது, இஞ்சி. எனக்குத் தெரியும். அந்த ஒரு கணம் தெரியும். கையில் கிளாஸோடு நின்றேன். அரைக் கிளாஸ் என்ன செய்யப்போகிறது, பிள்ளை நடுங்குகிறாள், சூடாய் ஏதாவது உள்ளே போகட்டும் என்று கொடுத்தேன். மறந்து கொடுக்கவில்லை, தெரிந்து கொடுத்தேன், இதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை. பொழுதுபடுகிற நேரம் அம்மா திரும்பி வந்தபோது அவளைச் சாக்கில் கிடத்தியிருந்தார்கள்.

கிழங்குக்கு மேல ஏதும் குடிச்சவளோ, என்று அம்மா கேட்டா. அழவில்லை, கேட்டா. இல்லை, தண்ணிதான், என்றேன். அந்தப் பெண் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை, அவளும் பயந்திருப்பாள், கொடுத்தவள் அவள்தானே. சனம் முழுக்கப் பேதியும் காய்ச்சலுமாய் இருந்தது, பேதிதான் என்று முடிவாயிற்று. அம்மாவுக்கு இப்போது எண்பத்திரண்டு வயது, ஒவ்வொரு ஐப்பசியும் போனில் சொல்லுவா, அது பேதிதானே தம்பி, ஓமம்மா பேதிதான், வருசத்தில் ஒருமுறை அம்மாவுக்கு நான் கொடுக்கிற மருந்து அது. சரி, இப்போது வயிற்றுக்குள் ஏதாவது அசைகிறதா. அசைகிறது. இல்லை, அது உறைப்பு. அம்புலன்சைக் கூப்பிட்டால் என்ன சொல்வது, கிழங்கு தின்றேன் ஐயா, மேலே பிஸ்கட் தின்றேன், சாகப்போகிறேன், இந்த ஆட்கள் சிரிக்கக்கூட மாட்டார்கள், மரியாதையாக வேறு ஒரு இலக்கத்தைத் தருவார்கள், மனநிலை சரியில்லாதவர்களுக்கான இலக்கம். எனக்கே சிரிப்பு வந்தது. சிரிப்போடு சிரிப்பாய் அந்த நினைப்பும் வந்தது, எங்கிருந்து வந்ததோ, வந்து அசையமாட்டேன் என்று நின்றது. மூன்று பிஸ்கட்டில் இருப்பது ஒரு சிட்டிகை. ஒரு சிட்டிகையால் ஒன்றும் தெரியப்போவதில்லை. முழுதாய்க் குடித்துப் பார்த்தால் என்ன.

குளிர்பெட்டியின் அடித்தட்டில் விரலளவு இஞ்சி கிடந்தது, சறோவின் இஞ்சி, மூலையில் ஒளித்து வைப்பாள். மஞ்சள் தாளை விலக்கிக் கதவைத் திறந்து எடுத்தேன். தோலோடு குத்தி, முழுவதையும் போட்டு, தண்ணீர் நிறம் மாறும்வரை கொதிக்க வைத்தேன். நஞ்சென்றால் நானும் போகிறேன், போனால் அவள் எப்படிப் போனாள் என்று ஒரு ஆளுக்காவது தெரிந்திருக்கும். நஞ்சில்லை என்றால். அந்த வசனத்தை முடிக்கப் பயமாய் இருந்தது, சாவதற்குப் பயப்பட்டதைவிட. நஞ்சில்லை என்றால் நான் அவளைக் கொல்லவில்லை. பெரிய கோப்பை நிறைய ஊற்றினேன், அரைக் கிளாஸ் இல்லை, முழுசு, நெஞ்செல்லாம் எரிய எரியக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். ஒரு மணிக்கு ஒரு நிமிடம் இருந்தது. மகன் வேறு ஊரில் படிக்கிறான், அவனுக்கு ஒரு செய்தி அனுப்புவோமா என்று நினைத்து, சாப்பிட்டியா என்று மட்டும் அனுப்பினேன்.

ஒன்றேகால். பெரிய ஏப்பமாய் ஏவறை வந்தது, இஞ்சியும் கிழங்கும் சேர்ந்த ஏவறை, வாழ்நாளில் இந்த மணத்தை முகர்ந்ததில்லை. ஒன்றரை. கை விறைக்கிறதா, ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது, கதிரைப் பிடியில் முழங்கையை ஊன்றினால் அப்படித்தான் இருக்கும். அவளுக்குத் தலை சுற்றியது. அண்ணா கொட்டில் சுத்துது, என்றாள். எனக்குக் குசினி சுற்றவில்லை, குளிர்பெட்டி நின்ற இடத்தில் நிற்கிறது, மஞ்சள் தாள் தெரிகிறது, இரண்டு கோடும் தெரிகிறது. இரண்டு மணி. அவள் மூச்சு வேகமாய் வாங்கினாள், சைக்கிளுக்குக் காற்றடிக்கிற மாதிரி, பிறகு மெதுவாய், பிறகு மிக மெதுவாய். நான் மூச்சை எண்ணினேன், எண்ணினால் மூச்சு ஒழுங்கு தப்பிப் போகிறது, எண்ணாமல் விட்டேன். அன்றைக்கு நானும்தான் சத்தி எடுத்தேன், பனை வடலிக்குப் பின்னால் போய், கால் நடுங்க, குடல் வெளியே வருகிற மாதிரி, துக்கத்தில் எடுக்கிற சத்தி என்று நினைத்தேன், துக்கம் அப்படியெல்லாம் செய்யும். இன்றைக்கு ஒரு குமட்டல்கூட இல்லை. இரண்டரை. மழைக்குள் வெளிச்சம் மங்கத் தொடங்கியது, இந்த ஊரில் மார்கழியில் மத்தியானமே பொழுதுபடும். நல்லதுதான், பொழுதுபட முன்னம் என்ற கணக்கு இங்கேயும் சரியாக வருகிறது.

மூன்று மணிக்கு எழும்பி நின்றேன். நாரி வலித்தது, அது பழைய நோ. வேறு ஒன்றும் இல்லை. தலை சுற்றவில்லை, வயிறு நோகவில்லை, இன்னும் இரண்டு துண்டு வைத்தால் தின்னலாம் போலவும் இருந்தது. ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை. குசினிக்கு நடுவில் நின்று வாய்விட்டு அழுதேன், சந்தோசம், வேறு பெயர் அதற்கு இல்லை, இருபத்தொன்பது வருசமாய் நெஞ்சில் இருந்த அந்த அரைக் கிளாஸ் இறங்கிப் போய்விட்டது. அது பேதிதான். அம்மா சொன்னது சரிதான். நான் வருசா வருசம் சொன்ன பொய் பொய்யே இல்லை. இனி அந்தப் பெண்ணைத் தேடிப்பிடித்து, அக்கா, உங்கட தேத்தண்ணி ஒண்டும் செய்யேல்ல அக்கா, என்று சொல்லவேண்டும், எங்கே தேடுவது, பெயரும் தெரியாது. அம்மாவுக்குப் போன் எடுக்கலாமா, அங்கே இரவாகியிருக்கும், படுத்திருப்பா. அப்போது போன் அடித்தது. சறோ. இடைவேளையில் எடுப்பாள், சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா.

"என்னப்பா, கிழங்கு நல்லா அவிஞ்சதோ?"

"மாப்போல. சறோ, நான் கிழங்குக்கு மேல இஞ்சித் தேத்தண்ணி குடிச்சனான்."

"என்ன? விசரே உங்களுக்கு? நீங்களோ?"

"ரெண்டு மணித்தியாலமாச்சு. ஒண்டும் செய்யேல்ல, சறோ. ஒண்டுமே செய்யேல்ல."

சிரித்தாள். அந்தப் பக்கம் யாரோ கிழவர் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

"அழுறீங்களோப்பா? சளி பிடிச்சிட்டுது போல. அது சும்மா ஆக்கள் சொல்லுற கதை. இஞ்ச எங்களோட கொங்கோப் பிள்ளை ஒண்டு வேலை செய்யிறாள் எல்லே, கிரேஸ். அவையள் நெடுகக் கிழங்குதான், இஞ்சிச் சாறும் குடிக்கிறவையாம். நான் கேட்டனான். இஞ்சியால ஒண்டுமில்லையாம். கிழங்கிலதான் நஞ்சாம், அதுவும் கைக்கிற கிழங்கெண்டால் சொல்லத் தேவையில்லையாம். திறந்து அவிச்சா ஆவியோட கொஞ்சமாவது போயிடுமாம். மூடி அவிச்சா உள்ளுக்கையே நிண்டிடுமாம். அவளின்ர ஊரில சின்னப் பிள்ளையள் செத்ததெண்டு சொன்னாள். எங்கட அம்மாவும் மூடாதை மூடாதை எண்டு கத்துறவ, ஏனெண்டு ஆருக்குத் தெரியும். அதுதான் கோடு போட்டு எழுதினனான். மூடேல்லத்தானே?"

"மூடேல்ல."

"என்னப்பா, லைன்ல நிக்கிறீங்களோ?"

"ஓம்."

"எனக்கும் நாலு துண்டு மிச்சம் வையுங்கோ. நாலரைக்கு வந்திடுவன். ஆறிப்போகும், சட்டியை மூடி வையுங்கோ."

முதலில் வயிறு நோகுது என்றாள் சுகிர்தா. பிறகுதான் நான் போய்த் தேநீர் வாங்கினேன். நோ வந்ததால்தான் வாங்கினேன். இந்த ஒழுங்கு எனக்குத் தெரியாததா, ஒவ்வொரு நாளும் இந்த ஒழுங்கில்தானே நினைக்கிறேன், நோகுது அண்ணா, கிளாஸ், மணம், அரைக் கிளாஸ் என்ன செய்யும், இந்த ஒழுங்கை ஒருநாளும் மாற்றவில்லை, ஒருநாளும் பார்க்கவும் இல்லை. கிளாஸில் நின்றுவிடுவேன். அதில் நிற்பது சுகம், அதில் இன்னொருத்தியும் இருக்கிறாள், கேத்தலோடு, பாதிப் பிழையை வாங்கிக்கொள்ள. செங்கலில் ஒருத்தரும் இல்லை. கைச்சது, முகத்தைச் சுளித்தாள், பசி. என்னுடைய பங்கிலிருந்து இரண்டு துண்டு. நான் குறைவாய்த் தின்றேன், பெரிய உடம்பு, வடலிக்குப் பின்னால் சத்தி எடுத்துப் பிழைத்தேன், அதற்குத் துக்கம் என்று பெயர் வைத்தேன். மழை விழுந்திருந்தால் என்ன, சட்டிக்குள் மழைத்தண்ணி விழுந்தால் என்ன குறைந்துவிடும். தட்டை நான் வைக்காமல் விட்டிருந்தால். அரைச் செங்கலை நான் தேடிப் போகாமல் விட்டிருந்தால், நாலு வீடு தள்ளிப் போய்த் தேடி எடுத்து வந்தேன் அதை, கழுவித் துடைத்து வைத்தேன். அண்ணா நீ கெட்டிக்காரன். இத்தனை வருசமாய் அந்த ஒரு சொல்லை மட்டும் நல்ல நினைவு என்று தனியாய் எடுத்து வைத்திருந்தேன், நித்திரை வராத நாளில் அதைத்தான் நினைப்பேன். கிழங்கை மன்னித்தேன், இஞ்சியைத் தள்ளி வைத்தேன், பதினொரு துண்டு தின்றேன். வாயில் இன்னும் அந்த இனிப்பு இருக்கிறது, தண்ணீர் விட்டுக் கொப்பளித்தும் போகவில்லை. சட்டியில் ஆறு துண்டு மிச்சம் இருக்கிறது, சறோவுக்கு நாலு போதும். ஆவி இல்லை, ஆறிக்கொண்டு வருகிறது. சறோ சொன்னபடி சட்டியை மூட மூடியைக் கையில் எடுத்துவிட்டேன், கண்ணாடி மூடி, கறுத்தப் பிடி. நாலரையாகப் போகிறது, வெளியே நன்றாக இருட்டிவிட்டது, மழை விடவில்லை. மூடி இன்னும் என் கையில்தான் இருக்கிறது.